இடது பக்கத்து கிளட்ச்

பேய் பிசாசுன்னு யாராச்சும் பேச்செடுத்தா நான் அடுப்பப் பாக்க எந்திரிச்சுப் போயிருவேன், அந்தப் பேச்சே எனக்கு ஆகாது. கணக்கு டீச்சருங்க நானு, ரெண்டும் ரெண்டும் நாலுன்னு கத்திக் கத்தியே தொண்டை தேஞ்சவ. இத முடிக்கிறதுக்குள்ள நீங்க சிரிப்பீக, எங்க வீட்டுக்காரரு இன்னைக்கும் சிரிக்கிறாரு. சிரிச்சுட்டுப் போங்க, நடந்தது நடந்ததுதான்.

செல்போன் வந்த புதுசு அது. வீடு திருநகர்ல, பள்ளிக்கூடம் உசிலம்பட்டிக்குப் பக்கத்துல. ரெண்டு பஸ்சு மாறணும், ஒண்ணு வந்தா ஒண்ணு வராது. நின்னுக்கிட்டே போயி நின்னுக்கிட்டே வந்து வீட்டுக்குள்ள நுழையும்போது எம் மக பக்கத்து வீட்டுல சோறு தின்னுட்டுத் தூங்கிப் போயிருப்பா. அந்தப் பிள்ளைய முழிச்சிருக்கும்போது பாக்கணும்னே நான் லைசென்ஸ் எடுத்தேன். அப்பத்தான் என் தம்பி முருகேசன், நான் இடுப்புல தூக்கி வளத்த பய, "யக்கா, என் காரை நீ எடுத்துக்க, தங்கமான வண்டி"ன்னான். ஊரெல்லாம் ஓடுமே வெள்ளையா அந்தக் குட்டிக் காரு, அதுதான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, கூடப் பொறந்தவன்னா இப்படில்ல இருக்கணும்னு.

கொஞ்ச நாள்ல வண்டி இழுக்க மாட்டேங்குது. மிதிச்சா சத்தம் மட்டும் கத்துது, வண்டி நகரல, ரப்பர் கருகுற மாதிரி ஒரு நாத்தம் வேற. மெக்கானிக் காதர் பாய் பிரிச்சுப் பாத்துட்டு, "டீச்சரம்மா, கிளட்ச் தட்டு மொத்தமாத் தேஞ்சு போச்சு, எந்நேரமும் கால அது மேலயே வெச்சு ஓட்டுறீங்க"ன்னாரு. எங்க வீட்டுக்காரரு இத தம்பிக்குப் போன் பண்ணி வேற சொல்றாரு. "பொம்பளைக ஓட்டுனா அப்படித்தான் மாமா"ன்னு அவன் சிரிச்சது எனக்கே வெளிய கேக்குது. "இன்னொரு தடவ தேஞ்சுச்சு, காரை வித்துப்புடுவேன், நீ பஸ்லயே போ"ன்னு முடிச்சுட்டாரு இவரு.

புது கிளட்ச் போட்டாச்சு. எனக்கு வந்த ரோசத்துக்கு, கியரு மாத்துற நேரம் போக மத்த நேரமெல்லாம் இடது கால பெடலுக்கு ஒரு சாண் தள்ளித் தரையிலதான் ஊண்டியிருப்பேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வாரப்ப செக்கானூரணிய நெருங்குறேன், சாயங்கால வெயிலு, ஆட்டுக்கூட்டம் குறுக்க வந்துருச்சு. பிரேக்க மிதிச்சுக்கிட்டே கிளட்ச்சுக்குக் கால கொண்டு போறேன், காலுக்குப் பெடலு தட்டுப்படல. குனிஞ்சு பாத்தா அது ஏற்கனவே தரையோட அமுங்கிக் கிடக்கு. நான் மிதிக்கலைங்க. ஆடு போன பெறகு கை பாட்டுக்கு கியரப் போட்டுருச்சு, பெடலு அதுவா மெதுவா மேல வருது, ஒரு குலுக்கல் இல்ல. நம்புனா நம்புங்க, அம்புட்டு பதமா நான் ஒரு நாளும் கிளட்ச்ச விட்டதே இல்ல. வீடு வர்ற வரைக்கும் அது பாதி அமுங்குனபடியேதான் இருந்துச்சு, யாரோ ஒருத்தரு கால வெச்சுக் காத்துக்கிட்டு இருக்குற மாதிரி. வீட்டுல சொன்னா, "கேபிளு இறுகியிருக்கும்"னு பேப்பரப் பிரிச்சுக்கிட்டாரு.

ரெண்டு மாசம் கூட ஆகல, மறுபடியும் கருகுற நாத்தம். இந்தத் தடவ காதர் பாய் வண்டிக்கு அடியில படுத்தவரு ரொம்ப நேரம் எந்திரிக்கல. அப்புறம் இடது பக்கத்து முன் சீட்டுல கால் வெக்கிற எடத்துல விரிச்சிருந்த மேட்ட உரிச்சுக் காட்டுனாரு, போல்ட் இருந்த ஓட்டைகள வெல்டு வெச்சு அடைச்சிருக்கு. "இது டிரைவிங் ஸ்கூல் வண்டிம்மா. மாஸ்டர் உக்கார்ற பக்கம் தனியா ஒரு கிளட்ச்சும் பிரேக்கும் இருந்திருக்கு, கழட்டிட்டு மூடிட்டாங்க. உங்க தம்பி சொல்லலையா?"ன்னாரு.

பட்டறையில இருந்து நேரா பஸ் ஏறி உசிலம்பட்டியில இருக்குற தம்பி வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தான்.

"டிரைவிங் ஸ்கூல் வண்டின்னு உனக்குத் தெரியுமாடா?"

சோத்தப் பெசஞ்சுக்கிட்டே தலைய ஆட்டுனான். "மாஸ்டரு அந்த சீட்டுலயே போயிட்டாருக்கா. நெஞ்சுவலி. கிளாஸ் நடக்கும்போதே."

"உனக்கும் அந்தப் பெடலு தானா அமுங்குச்சா?"

"ஆமா."

"அப்புறம் ஏண்டா அத எந்தலையில கட்டுன?"

"வேற யாரும் எடுக்க மாட்டேன்னுட்டாங்க யக்கா."

மூஞ்சியப் பாத்தே சொன்னான் பாவி. பேயி கூட எனக்குப் பெருசாத் தெரியல. எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, எங்க வீட்டுக்காரரோட சேந்து என்னையப் பாத்துச் சிரிச்சான்ல, அதுதான் வயிறு எரிஞ்சுச்சு. காரு காயலான் கடைக்குப் போச்சு, நான் பழையபடி பஸ்சுக்குப் போனேன். எம் மக நான் வாரதுக்குள்ள தூங்கிப் போயித்தான் வளந்தா.

பல வருசம் கழிச்சு நானே ஒரு புதுக் காரு எடுத்தேன், ஷோரூம் வண்டி, சீட்டுல கவர் கூடப் பிரிக்கல. தம்பிகிட்ட போக்குவரத்து ஏதோ ஒப்புக்கு இருந்துச்சு. ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன் மெட்ராஸ் பஸ்சுக்கு மாட்டுத்தாவணில விடச் சொன்னான். பழைய காருல நான் கூப்பிட்டு ஒரு நாளும் ஏறாதவன், புதுசுதானேன்னு முன்னாடி உக்காந்துக்கிட்டான்.

பழங்காநத்தம் சிக்னல்ல செவப்பு விழுந்துச்சு. நான் இடது கால தரையில இருந்து எடுக்கவே இல்ல, கிளட்ச் பெடலு அதுவா கீழ போயிருச்சு.

விருட்டுன்னு இடது பக்கம் திரும்பிப் பாத்தேன். அங்க பெடலும் இல்ல ஒண்ணும் இல்ல, வெறும் தரை. என் தம்பி ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கி மடக்கிக்கிட்டு, பைய நெஞ்சோட கட்டிப் புடிச்சுக்கிட்டு சன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பியிருந்தான். எப்பத் தூக்குனானோ தெரியல. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு, அந்த மாஸ்டரு சாகுறப்ப பக்கத்துல ஓட்டிக் கத்துக்கிட்டு இருந்தது யாருன்னு நான் கேக்கவே இல்ல.

மாட்டுத்தாவணில எறங்கி "வாரேன்க்கா"ன்னு போயிட்டான். அவன் இல்லாதப்ப அந்தக் காரு ஒரு தடவ கூட அப்படிச் செஞ்சதில்ல. நான் இன்னும் அவங்கிட்ட கேக்கல. கேட்டா ஏதாச்சும் சொல்லுவான், நானும் கூடப் பொறந்தவனாச்சேன்னு நம்பித் தொலைப்பேன்.