மணலில் உட்கார்ந்த தண்ணீர் லாரி: மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு ஞாயிறு

2006 மே மாதம். கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, சவுக்குத் தோப்புக்கு அப்பால் இருக்கும் ஒரு மீனவக் குப்பத்துக்குப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வாங்கிக் கொடுத்திருந்தோம். அங்கே எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் மூன்று கிலோமீட்டர் மணலில் நடந்தார்கள். முதல் லாரித் தண்ணீரைக் கொண்டுபோகும் பொறுப்பு என்னுடையது.

செங்கல்பட்டில் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஆறாயிரம் லிட்டர், வாடகை எழுநூறு ரூபாய். திருக்கழுக்குன்றத்தில் நாஸ்தா. இட்லி சாப்பிடுங்கள், பொங்கல் தூக்கம் வரவழைக்கும். ஓட்டுநர் தனபால் பொங்கல்தான் சாப்பிட்டார்.

முப்பது கிலோமீட்டரும் சுகமாகப் போனது. தார் ரோடு முடிந்த இடத்தில், "மணல்ல போகுமா?" என்று கேட்டேன்.

"இன்னா சார், இந்த வண்டி எங்கியும் போவும்."

ஐம்பது அடி போனது. பின்சக்கரங்கள் அச்சு வரை புதைந்தன.

தொட்டியோ குப்பத்தின் மறுகோடியில், ஊர்த் தலைவர் வீட்டு வாசலில். அங்கிருந்து ஒலிபெருக்கி, "தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது" என்று விடாமல் அறிவித்தது. அவர் ரிப்பன் கட்டிக் காத்திருந்தார்.

எங்களிடம் முதலில் வந்தவர் கன்னியம்மா. இந்தக் கோடியில் வீடு. இடுப்பில் குடம்.

"பாரம் ஜாஸ்தியா கீது அண்ணாத்த. வால்வைத் தொற, நாங்க கொறைக்கறோம்."

"தொட்டிலதான் ஊத்தணும்னு சார் சொல்லிக்கீறாரு."

"அங்க ஊத்தினா தலைவரு சொந்தக்காரங்க புடிச்சப்புறம் எங்களுக்கு அடித்தண்ணிதான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நண்பர்கள் என்னை விடமாட்டார்கள். தலைவர் முகத்தில் எப்படி விழிப்பது? "தொறங்க" என்றேன்.

குடம், அண்டா, மீன் கூடைக்குள் விரித்த பாலித்தீன் எல்லாம் வந்தன. பாதித் தண்ணீர் இறங்கியதும் ஆண்கள் தள்ள, லாரி எழுந்தது. தனபால் ஒரே மூச்சில் பின்னால் எடுத்துத் தார் ரோட்டில் நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். மீதித் தண்ணீரையும் அங்கேயே பிடித்துக்கொண்டார்கள்.

தலைவர் கத்தரிக்கோலோடு ஓடி வந்தபோது மிச்சமிருந்தது அரைக் குடம்.

"இன்னாய்யா இது?"

கன்னியம்மா ஒரு சொம்பு நீட்டினார். வெயிலில் ஓடி வந்தவர் மடமடவென்று குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார். பிறகு ரிப்பனை வால்வில் கட்டச் சொல்லி, வெட்டி, கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரமே தொட்டியை ரோடு முடிகிற இடத்துக்கு மாற்றினோம். வேறெங்கும் வரமுடியாது என்று தனபால் சொல்லிவிட்டார்.

நீங்களும் இப்படிப் போவதானால் மண்வெட்டி, பலகை, மாற்றுச் சட்டை கொண்டுபோங்கள். தொட்டி வைக்குமுன் ரோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள். யாருக்கு நடை அதிகம் என்று கேளுங்கள். நாங்கள் இரண்டையும் செய்யவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போனேன். தலைவர் மனைவி குடத்தோடு மூச்சு வாங்கி வந்து, "இன்னா தம்பி, இவ்ளோ தூரத்துல வெச்சிட்டீங்களே!" என்றார்.

கன்னியம்மா சிரித்த சிரிப்பில் இடுப்புக் குடம் தளும்பி மணலில் கொட்டியது. யாரும் பதறவில்லை.