சாம்பல் கரையில் ஒரு சங்கரா

முதல் ஈ உட்காரும்வரை தெபுரியா வாயைத் திறக்கமாட்டார். தட்டில் மீனின் ஈரல் கிடக்கும். எதிரே அவர் சப்பணமிட்டிருப்பார். ஈ வந்தால் அடுத்து ஈரல்மேல் பழைய வெள்ளிக்காசு. அது கறுக்காவிட்டால் கடைசியில் பூனை. பூனை ஒரு துண்டைத் தின்று மீசையை நக்கிய பிறகுதான், "கொண்டுபோய் ஆக்கித் தின்னுங்க" என்பார்.

பவளப்பாறை மீனில் சில சமயம் விஷம் ஏறும். தின்றவன் உதடு மரத்து, வாந்தியெடுத்து விழுவான். பவளத்தீவுக் கிராமமான பிகென்னாங்கில் இருபது வருஷமாக ஒருவரும் விழவில்லை. பெருமை முழுவதும் தெபுரியாவுக்கு. பூனைக்கு அதில் பங்கு உண்டா என்று கேட்டால் முறைப்பார்.

போன வாரம் தாதி கதரினா ஒரு காகிதத்தோடு வந்தாள். குப்பை எரிக்கும் உலையின் சாம்பலிலிருந்து ஈயமும் காட்மியமும் காயலில் இறங்கி மீனுக்குள் சேர்கின்றனவாம். கர்ப்பிணிகள் இந்தக் கரை மீனைத் தொடவே கூடாதாம்.

"ஈ உக்காருது, காசு கறுக்கல, பூனை திங்குது. பின்னே எங்கம்மா இருக்கு விஷம்?"

"இது அந்த விஷம் இல்ல பெரியவரே. உடனே காட்டாது. வருஷக்கணக்கா உள்ளயே தங்கும்."

"அப்போ பூனையை எத்தனை வருஷம் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கிறது?"

கதரினா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல விழித்தார். கரையோரத் தடுப்புச்சுவரை அலை அரித்தபோது அந்தச் சாம்பலை மூட்டை மூட்டையாகச் சுமந்துவந்து கொட்டியவரே அவர்தான். நெருப்பில் வெந்த பிறகு என்ன அழுக்கு மிஞ்சும் என்று நினைத்தார், பாவம். அந்தச் சுவரடியில்தான் தினமும் வலை போடுகிறார். அந்த மீனைத்தான் ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் அனெட்டி தினமும் தின்கிறாள்.

இப்போது ஒன்றுக்கு இரண்டு காசு வைக்கிறார். ஈரலை முகர்கிறார். செவுளை வெயிலில் பிடித்துப் பார்க்கிறார். தாதி கொடுத்த காகிதத்தையே ஒரு தடவை மீன்மேல் விரித்து வைத்து, ஏதாவது நிறம் மாறுகிறதா என்று காத்திருந்தார். காகிதம் நனைந்ததுதான் மிச்சம்.

இன்று மதியம் வலையில் ஒரு சங்கரா மீன். ஈ உட்கார்ந்தது. காசு இரண்டும் பளபளத்தன. சோற்றுத் தட்டோடு அனெட்டி வந்து நின்றாள்.

"என்னப்பா, நல்ல மீன்தானே? பசிக்குது."

 ஈரலை நோக்கி நடந்த பூனையைத் தெபுரியா தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாயை உள்ளங்கையால் பொத்தினார்.