கமலவேணியின் தனி அடுப்பு

பராசக்தி சாப்பாட்டை விட்ட நான்கு நாளும் கமலவேணி ஒரு வேளைகூட ஈரல் சாப்பிடத் தவறவில்லை. மலாக்காப் பக்கத்துப் புக்கிட் பெருவாங்கில் அந்தக் கதையைப் பேசியவர்களில் பாதிப்பேர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். மீதிப்பேர் பராசக்தியை அப்படிச் சொன்னார்கள். இருவருக்கும் நடுவில் இருந்த தனபாலனைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

அது 1931ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தவனான தனபாலன் மலாக்கா ரயில் நிலையத்துச் சரக்கு அலுவலகத்தில் கிளார்க். கமலவேணி அவன் மனைவி. பராசக்தி அவனுடைய அக்கா, அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். இருபத்துமூன்று வயதில் தாலியை இழந்தவள், தாயில்லாத தம்பியை வளர்த்துப் படிக்க வைத்தாள். அவனுக்கு மலாயாவில் வேலை கிடைத்தபோது அவனோடு கப்பலேறி வந்து வீட்டை நடத்தினாள். தீட்சை பெற்றவள். குளித்துத் திருநீறு பூசித் தேவாரம் பாடி முடிக்காமல் தண்ணீரும் குடிக்கமாட்டாள். அவளுடைய சமையலறைக்குள், அந்தக் குசினிக்குள், மச்சம் என்று சொல்லப்படும் எதுவும், மீனோ இறைச்சியோ முட்டையோ, நுழைந்ததில்லை.

கமலவேணி மூவாரில் ஆற்றங்கரை வீட்டில் வளர்ந்தவள். இறாலும் நண்டும் தின்று வளர்ந்த உடம்பு. பெண் பார்க்க வந்த அன்று பராசக்தி தகப்பனிடம் கேட்கவில்லை, நேரே அவளிடமே கேட்டாள்.

"எங்கட வீட்டில மச்சம் இல்லை. உன்னால ஏலுமே?"

"ஏலும்."

"அவசரப்படாதை. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்லுறன், மச்சாள். இனித் தொடமாட்டன்."

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஆறு வருடம் அந்த வாக்கைப் பிசகாமல் காத்தாள். தகப்பன் வீட்டுக்குப் போனபோது தாய் பொரித்துவைத்த மீனைக்கூடத் தள்ளிவைத்தாள்.

அந்த ஆறு வருடத்தில் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. முதலாவது பிறக்கும்போதே உயிரில்லை. இரண்டாவது பதினொரு நாள் இருந்தது. பிள்ளை நிலைக்கவேண்டும் என்று பராசக்தி வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தாள், கமலவேணியையும் பிடிக்கவைத்தாள். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கமலவேணியால் வாசல் படி மூன்றையும் ஒரேயடியாக ஏற முடியவில்லை. நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நாக்கு சிவந்து வழவழவென்று ஆகி, ரசம் பட்டாலே எரிந்தது. பாதம் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை ஒற்றுத்தாளில் ஒற்றி எடுத்தார். மருந்துக்கட்டும் உதவியாளரான டிரெசர் சேகரன் நிறக் கட்டங்கள் அச்சிட்ட அட்டை ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா. நல்ல ரத்தம் இந்த நிறம் இருக்கணும். உங்களது கடைசிக் கட்டத்துல நிக்குது."

"மருந்து?" என்று தனபாலன் கேட்டான்.

"ஈரல்தான் மருந்து. தெனம் அரை ராத்தல். கருக வறுத்துடாதீங்க, சத்து போயிடும். கொதிக்கிற தண்ணியில போட்டு, நெறம் மாறுனதும் எடுத்துடணும். மொளகா வேணாம், நாக்கு தாங்காது. கூட மீனு, முட்டை, கீரை, எலுமிச்சம்பழம்."

"நாங்கள் சைவம்."

டாக்டர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். சேகரன் அதைத் தமிழில் சொல்லத் தயங்கினார். தனபாலனுக்கு ஆங்கிலம் தெரியும். இன்னொரு கர்ப்பம் வந்தால் பிள்ளையோடு தாயும் போய்விடுவாள் என்றார் டாக்டர். திரும்பும் வழியில் மாட்டுவண்டியில் வைத்துத் தனபாலன் அதை மனைவியிடம் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்னதைப் பராசக்தியிடம் கமலவேணியே சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்காரர் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றாள் பராசக்தி. "அவைக்கு எங்கட சமயம் தெரியுமே? முருங்கையிலை தாறன், எள்ளுத் தாறன், பால் தாறன்."

"ஆறு வருஷமா அதைத்தானே தாறியள், மச்சாள்."

"நான் தந்ததில நஞ்சு இருந்ததே?"

"நஞ்சு எண்டு நான் சொல்லேல்லை. காணாது எண்டு சொல்லுறன்."

"வாக்குத் தந்தனீ, கமலவேணி. உன்ர வாயாலதான் தந்தனீ."

"தந்தன். இப்ப உடைக்கப்போறன்."

பராசக்தி தம்பியைப் பார்த்தாள். தனபாலன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான். மாட்டிய பிறகும் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் கமலவேணி பின்வளவில் ரம்புத்தான் மரத்தடியில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினாள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒருமுறை உட்கார்ந்து எழும்பினாள். சைக்கிளில் இறைச்சி கொண்டுவரும் தமிழ் முஸ்லிம் நானா ஒருவரிடம் தினமும் ஈரல் வேண்டும் என்று சொல்லிவைத்தாள்.

"தெனம் ஆட்டு ஈரல் கெடைக்காது லா, அக்கா. மாட்டு ஈரல் இருக்கு. வெள்ளக்காரன் வீட்டுக்கெல்லாம் அதான் போவுது."

"அது வேண்டாம், நானா. ஆடு இல்லாத நாளைக்குக் கோழி ஈரல் தாருங்கோ."

அவளுக்கும் தாண்டமுடியாத எல்லை ஒன்று இருந்தது. அந்த எல்லையைப் பராசக்தி எந்தக் காலத்திலும் கணக்கில் எடுக்கவில்லை.

நாக்கு ருசிக்காகத் தின்கிறாள் என்று பராசக்தி அக்கம்பக்கமெல்லாம் சொன்னாள். உண்மையில் முதல் மூன்று நாளும் கமலவேணி வாந்தி எடுத்தாள். இரும்பு வாடை அடித்த பாதி வெந்த ஈரல் தொண்டையைத் தாண்டவில்லை. நான்காம் நாள் அதைச் சின்னச் சின்னதாக நறுக்கி, எலுமிச்சம்புளி பிழிந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு மாத்திரை போல விழுங்கினாள். அது வயிற்றில் தங்கியது.

பராசக்தி தன் பக்கத்துப் போரைத் தொடங்கினாள். கிணற்றுக்கு இரண்டு வாளி வந்தது. கமலவேணி நடந்த படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். விளக்கேற்ற விடவில்லை. குசினி வாசலில் காலை வைத்தால், "அங்கேயே நில்" என்றாள். சோற்றையும் கறியையும் வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். பசித்த வயிற்றுக்குச் சோறு போடாமல் மட்டும் இருக்கவில்லை.

ஒரு நாள் ஈரலோடு சேர்த்து அவிக்கக் கமலவேணி முருங்கையிலை பறித்தாள். பராசக்தி நட்டு வளர்த்த மரம் அது.

"என்ர மரத்து இலையை அந்தச் சட்டியில போடாதை!"

"டாக்டர் கீரையும் தின்னச் சொன்னவர்."

"அப்ப டாக்டரின்ர வளவில போய்ப் பிடுங்கு."

மத்தியானம் பராசக்தி கத்தியை எடுத்துவந்து கைக்கு எட்டிய கொப்புகளையெல்லாம் வெட்டிப் போட்டாள். மரம் மொட்டையாக நின்றது. கமலவேணி வெட்டிய கொப்புகளிலிருந்தே இலையை உருவி எடுத்தாள். பராசக்தியின் கண்முன்னே உட்கார்ந்து, அவசரமில்லாமல் உருவினாள்.

அடுத்த திங்கட்கிழமைதான் பராசக்தி உண்ணாமல் படுத்தாள். "அந்த அடுப்பு அணையிற வரைக்கும் எனக்குச் சோறு வேண்டாம்."

முதல் நாள் தனபாலன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டாம் நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் பின்வளவுக்கு வந்து, அடுப்புக்கு எதிரில் குந்தினான்.

"ஒரு கிழமைக்கு நிப்பாட்டும். அக்கா எழும்பினாப் பிறகு பாப்பம்."

"நிப்பாட்டினா அவ வெண்டிடுவா. பிறகு ஒருநாளும் மூட்ட விடமாட்டா."

"அவ செத்துப்போனா?"

"அவ சாப்பிடாமல் செத்தா அது அவவின்ர விருப்பம். நான் சாப்பிடாமல் செத்தா அது உங்கட விருப்பம். எது வேணும் எண்டு சொல்லுங்கோ."

தனபாலன் எழுந்து உள்ளே போனான்.

அன்று கமலவேணி ஒரு காரியம் செய்தாள். பல வருடங்களுக்குப் பிறகு அதை அவளே மறைக்காமல் சொன்னாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தாள். மூன்று செங்கல்லையும் தூக்கிக்கொண்டுபோய்ப் பராசக்தி படுத்திருந்த அறை ஜன்னலுக்கு நேரே வைத்தாள். நெருப்பை மூட்டி ஈரலை அவித்தாள். புகையும் வாடையும் நேராக ஜன்னலுக்குள் போயின. உள்ளே ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. வெறும் வயிறு, வெளியே வர எதுவும் இல்லை. கமலவேணி முழுவதையும் அங்கேயே இருந்து தின்றாள். அன்றுதான் முதன்முறையாக அது அவளுக்கு ருசித்தது.

நான்காம் நாள் குளிக்கப்போன பராசக்தி கிணற்றடியில் விழுந்தாள். சத்தம் கேட்டு முதலில் ஓடியவள் கமலவேணிதான். தலையைத் தூக்கி மடியில் வைத்து, தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் அள்ளி வாயருகே கொண்டுபோனாள். பராசக்தி கண்ணைத் திறந்து, யார் கை என்று பார்த்து, பல்லை இறுக்கிக் கொண்டாள். தண்ணீர் கழுத்தால் வழிந்து ஓடியது.

"என்னைத் தொடாதை."

கமலவேணி சிரட்டையை வைத்துவிட்டுத் தனபாலனைக் கூப்பிட்டாள். வாழ்நாளில் அடுப்படிக்குள் போகாத அவன் அன்று குளித்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கஞ்சி வைத்தான். அது அடிப்பிடித்திருந்தது. தம்பி வைத்த கஞ்சியைப் பராசக்தி மறுக்கவில்லை. குடித்து முடித்ததும் சொன்னாள்: "நடுவில பலகை அடி."

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டின் நடுவே பலகை மறைப்பு வந்தது. குசினியும் சாமியறையும் இருந்த முன்பக்கம் பராசக்திக்கு. பின்பக்க அறையும் ரம்புத்தான் மரத்தடி அடுப்பும் கமலவேணிக்கு. தனபாலன் காலையில் முன்பக்கமும் மாலையில் பின்பக்கமும் சாப்பிட்டான். கடைசிவரை அவன் மச்சம் தொடவில்லை. கமலவேணி அவனுக்கென்று தனிச் சட்டி வைத்திருந்தாள்.

மூன்று மாதத்தில் ஒற்றுத்தாளில் விழுந்த கமலவேணியின் இரத்தம் அட்டையின் நடுக்கட்டத்துக்கு ஏறியது. ஆறு மாதத்தில் படிகளை ஓடி ஏறினாள். 1933இல் மகள் பத்மாசனி பிறந்தாள். பிறந்த உடனேயே வீறிட்டு அழுத பிள்ளை. பலகைக்கு அந்தப் பக்கம் பராசக்தி சாமியறை மணியை விடாமல் அடித்தது இந்தப் பக்கம் கேட்டது.

பிள்ளையைத் தினமும் குளிப்பாட்டியவள் பராசக்திதான். அதற்காகவும் சண்டைதான். பிள்ளைக்குப் பல் முளைத்ததும் கமலவேணி முட்டை ஊட்டினாள், கெராங் சிப்பியை அவித்து நசுக்கிக் கொடுத்தாள். பராசக்தி பிள்ளையின் வாயை மோந்து பார்த்து, வாடை அடித்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். பிள்ளை பலகையைத் தட்டி, "மாமி, வாய் கழுவிட்டன்" என்று கூப்பிடப் பழகிக்கொண்டது.

இதற்கிடையில் குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயங்களிலிருந்து வெளிறிய கர்ப்பிணிப் பெண்கள் கமலவேணியைத் தேடி வரத் தொடங்கினார்கள். டாக்டர் செய்ததுபோலவே கீழிமையை இழுத்துப் பார்ப்பாள். "கருவாட்டோட மட்டும் நிப்பாட்டாதையுங்கோ. கிழமையில ரெண்டு நாளாவது ஈரல், ஒவ்வொரு நாளும் கீரை. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பூச்சி மருந்து குடியுங்கோ" என்பாள். அவர்கள் வந்துபோன பிறகு முன்வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்கும்.

1935இல் கமலவேணி மறுபடி கர்ப்பமானாள். சேகரன் அவளிடம் சின்னப் போத்தல் ஒன்றைக் கொடுத்தார். உள்ளே தார் போலக் கறுப்பாக ஒரு களிம்பு.

"இது ஈஸ்ட்டுல செஞ்சதும்மா. மாமிசம் ஒரு துளி இல்ல. கர்ப்பத்துல உங்கள மாதிரி ரத்தம் கொறையிறவங்களுக்கு ஈரலாட்டமே வேலை செய்யுதாம். இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க."

அவள் அதை ஒளித்து வைத்திருக்கலாம். ஒளிக்கவில்லை. முன்வாசலுக்குப் போய்ப் போத்தலை நீட்டி, டிரெசர் சொன்னதை அப்படியே சொன்னாள். பராசக்தி அதை வாங்காமல் எட்டிநின்று பார்த்தாள்.

"அப்ப, ஈரல் இல்லாமல் நீ தப்பியிருக்கலாம்."

"அண்டைக்கு இது இருக்கேல்லை, மச்சாள்."

"பொறுத்திருந்தா வந்திருக்கும்."

"நாலு வருஷம் பொறுக்க என்னட்ட ரத்தம் இருக்கேல்லை."

"சரி. இப்ப இருக்கு. மருந்தும் கையில கிடக்கு. இனி அந்த அடுப்பை அணை."

அது நியாயமான பேச்சு என்று கமலவேணிக்குத் தெரிந்தது.

"மருந்துக்காக எண்டால் அணைக்கலாம். இனி மருந்துக்காக இல்லை. எனக்கு மச்சம் வேணும். நான் தின்பன்."

"இதைத்தான் முதல் நாளே நான் சொன்னனான்" என்றாள் பராசக்தி. "ஊருக்கெல்லாம் சொன்னனான். நீதான் இல்லை எண்டனீ."

"அண்டைக்கு அது பொய். இண்டைக்கு உண்மை."

அடுத்த மாதம் பராசக்தி யாழ்ப்பாணம் புறப்பட்டாள். தனபாலன் அழுதான், தடுக்கவில்லை. பயணத்துக்கென்று கமலவேணி விடிகாலையில் தலைக்குக் குளித்து, புதுச் சட்டி வாங்கி, புளிச்சோறும் எள்ளுருண்டையும் செய்து வாழையிலையில் கட்டினாள். ரயில் நிலையத்தில் பராசக்தி பத்மாசனியை உச்சி மோந்தாள். பொதியைக் கமலவேணியின் கையிலிருந்து வாங்கினாள். வாங்கிய கையோடு, மூட்டை தூக்க நின்ற பெண்ணிடம் அதைக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் அங்கேயே பொதியைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினாள். வண்டி நகர்ந்தது. கமலவேணி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

அந்தப் பிரசவத்தில் ஆண் பிள்ளை பிறந்தது. சுகப் பிரசவம். தனபாலன் பலகை மறைப்பைக் கழற்றினான். பராசக்தி மாதம் ஒரு கடிதம் தம்பிக்கு எழுதினாள். பிள்ளைகள் என்ன தின்கிறார்கள், உயரம் எவ்வளவு, தேவாரம் பாடுகிறார்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்திருப்பாள். கமலவேணியின் பெயர் எந்தக் கடிதத்திலும் இருந்ததில்லை. தனபாலன் பதில் எழுதச் சோம்பல்பட்டான். பத்மாசனி எழுதப் பழகியதும், கடிதம் வந்த மறுநாளே அவளை மேசை முன் உட்காரவைத்து, மாமிக்கு என்ன எழுதவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் கமலவேணி. என்ன சாப்பிட்டாய் என்ற கேள்விக்கு மட்டும், "உள்ளதை எழுது" என்பாள்.