துன் ஊர்க்காரர்

சுவிஸின் துன் நகரில் நான் காலைச் சாப்பாடு பரிமாறும் ஹோட்டலில் அந்த அமெரிக்கர் ஒரு கிழமை தங்கியிருந்தார். வயதானவர், வெயிலில் சிவந்த கழுத்து. கோப்பி ஊற்றும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றி நன்றி சொல்வார். அவருடைய பூட்டனார் இங்கிருந்து அலபாமாவுக்குப் போய்ப் பருத்தி பயிரிட்டவராம். பழைய குடிமதிப்புப் பதிவுகளைப் பிடித்துக்கொண்டு உறவு தேடி வந்திருந்தார்.

கடைசி நாள் காலை கோப்பியைத் தொடாமல் இருந்தார்.

“பெயர்கள் எல்லாம் கிடைத்தன. கைகுலுக்கத்தான் ஒருவரும் இல்லை,” என்றார்.

“பூட்டனாரின் பதிவில் எந்த ஊர்க் குடி என்று இருக்கிறது?” என்று கேட்டேன்.

“துன்.”

சுவிஸ் அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் போடமாட்டார்கள். எந்த ஊர்க் குடி என்பதைத்தான் போடுவார்கள். எனக்குக் குடியுரிமை தந்தது துன். அதனால் நான் பிறந்த அச்சுவேலி என் அட்டையில் இல்லை. எடுத்துக் காட்டினேன்.

வாசித்தவர் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், “ஹோட்டலிலை எங்கட ஊர் ஆள் ஒருத்தரைச் சந்திச்சனான்,” என்றேன்.

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு ஆவலாய்த் திரும்பினாள்.

“அச்சுவேலியிலை ஆரின்ரை ஆக்களாம்?”