அக்காவின் முட்டைச் சக்கரம்

பக்கத்து வீட்டு சுபா புதுச் சைக்கிளோடு எங்கள் படலையில் வந்து நின்றாள். "அங்கிள், பெடல் சக்கரத்தைப் பாருங்கோ, வட்டமில்லை. இதுதான் இப்ப புதுசு" என்றாள். குனிந்து பார்த்தேன். முட்டை வடிவில் ஒரு பல்லுச் சக்கரம், புதுக் கிரீஸ் மணத்தோடு. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இந்தப் புதுசை அறுபதுகளிலேயே செய்து, அதையும் பிழையாகச் செய்து, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

கிரீஸ் மணந்தால் எனக்கு நான் வேலை செய்த துறைமுகத்துப் பட்டறை ஞாபகம்தான். வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமான்களில் கிரீஸ் தகரங்களும் கிடந்தன, ஆங்கிலச் சஞ்சிகைகளும் கிடந்தன. கிரீஸைப் பட்டறை எடுத்தது, சஞ்சிகைகளை நான் எடுத்தேன். வாசித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள், படம் பார்த்தேன். முட்டைச் சக்கரத்தை முதலில் கண்டது அதிலொன்றில்தான். காலுக்கு இலேசாம் என்பது மட்டும் விளங்கியது.

அக்கா கிண்ணியாவில் மருத்துவிச்சி. அங்கேயே ஒரு வீட்டில் தங்கி, மணல் ஒழுங்கைகளில் சைக்கிளில் போய்ப் பிள்ளைப்பேறு பார்ப்பாள். வாரக் கடைசியில் பாதை ஏறிப் பாலையூற்றில் எங்கள் வீட்டுக்கு வருவாள். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கிற மிதவை. ஒரு மழைநாளில் அதில் வழுக்கி விழுந்து இடது முழங்காலைப் பழுதாக்கிக்கொண்டாள். மாதக் கடைசியில் வந்து பார்ப்பேன், சைக்கிள் ஓட ஏலாவிட்டால் ஆஸ்பத்திரிக் களஞ்சியத்தில் இருக்க வேண்டியதுதான் என்று பெரிய டாக்குத்தர் சொல்லிவிட்டார்.

"பஞ்சு எண்ணிக்கொண்டிருக்கவோ நான் படிச்சனான்?" என்று அக்கா அழுதாள். அவள் அழுது நான் அதற்குமுன் கண்டதில்லை. சஞ்சிகையைத் தேடி எடுத்தேன்.

இரும்புத் தகட்டை வெட்டி, ஒவ்வொரு பல்லாக அராவி, நாலு போல்ட் போட்டு அவள் சைக்கிளில் பூட்டினேன். முதல்நாள் செயின் மூன்றுதரம் கழன்றது. அதைச் சரிக்கட்டியபின் அக்கா ஏறி மிதித்து ஒழுங்கை முடக்குவரை ஓடினாள். திரும்பும்போது உருட்டிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, உழக்கிற இடத்தில இது லேசாக் கிடக்கு. கால் ஏலாத இடத்திலதான் கனக்குது. மாறிப் பூட்டிப்போட்டாய்."

"படத்தைப் பாத்துத்தான் செய்தனான்."

"படத்துக்கு முழங்கால் நோகுமே?"

அவள் சொன்னது சரி. பெடல்கள் மேலும் கீழுமாக நிற்கிற கணத்தில் காலுக்குப் பலமில்லை. சக்கரத்தின் நீளப்பாட்டைப் பெடல் தண்டோடு நேராக வைத்தால் பார்க்க வடிவாயிருக்கும் என்று வைத்து, அந்தக் கணத்திலேயே பாரத்தை ஏற்றியிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. நாலு போல்ட்டையும் கழற்றி ஒரு துளை தள்ளிப் பூட்டினேன். அக்கா ஓடினாள், திரும்பியும் ஓடியே வந்தாள்.

டாக்குத்தர் வருகிற நாளில் நானும் லீவு போட்டுக் கிண்ணியாவுக்குப் போனேன். செய்தவன் நிற்கவேண்டாமா? அக்காவைக் காணவில்லை. பூவரச மர நிழலில் டாக்குத்தர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நின்றார். "ஓட ஏலாமல் ஒளிச்சிட்டாவோ?" என்று என்னையே கேட்டார். நான் ஒழுங்கை முடக்குவரை போய் எட்டிப் பார்த்தேன்.

அப்போது மணிச் சத்தம் கேட்டது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பையைச் சைக்கிள் காண்டிலில் தொங்கவிட்டபடி அக்கா மணலில் ஓடி வந்தாள்.

"பிந்திப் போச்சு ஐயா, குறை நினைக்காதேங்கோ. விடியவே ஆக்கள் வந்து கூப்பிட்டவை. பொம்பிளைப் பிள்ளை."

"எவ்வளவு தூரம்?"

"நாலு கட்டை." கட்டை என்றால் மைல்.

"சைக்கிளிலயோ போனனீங்கள்?"

"ஓம் ஐயா."

டாக்குத்தர் கையிலிருந்த இடமாற்றக் கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "பிள்ளை என்ன நிறை?" என்று கேட்டார்.

அதன்பிறகு பதினெட்டு வருடம் அக்கா அந்த மணலில் ஓடினாள். இப்போது பாதை இல்லை, பாலம் வந்துவிட்டது. பட்டறையும் இல்லை. அந்தச் சைக்கிள் பிந்திய சண்டை நாட்களில் அவள் வீட்டோடு அழிந்து போயிற்று. பாலத்தைக் காணாமலே அக்காவும் போய்விட்டாள்.

"கிண்ணியாப் பால ஏற்றத்தில ஓடிப் பாக்கப்போறன்" என்றாள் சுபா. நான் பெடலைக் கையால் ஒருதரம் சுற்றிப் பார்த்தேன். நீளப்பாடு சரியான பக்கத்தில்தான் நின்றது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் போலிருந்தது.