பின்னால் வந்த பாட்டு

இலங்கை மலையகத்தில் டயகமவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டங்களில் வீரபத்திரனின் பிடியைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. சடுகுடுவில் எதிராளியின் கணுக்காலை அவன் பற்றிவிட்டால் பற்றியதுதான். மூச்சு விடாமல் பாடிக்கொண்டே கோட்டைத் தொட்டுவிடலாம் என்று துள்ளுகிறவர்கள், கடைசியில் மூச்சு முட்டிப் பாட்டை நிறுத்தித் தோற்றுப்போவார்கள்.

1932 தைப்பொங்கலன்று வட்டவளைப் பக்கத்து ஆட்கள் விளையாட வந்தார்கள். அவர்களில் சின்னராசா ஒல்லி ஆள். குரல் மட்டும் கணீரென்று இருக்கும். "சடுகுடு சடுகுடு வாரேன்டா, சாமிமலை ஏறி வாரேன்டா" என்று பாய்ந்து வந்தவனை வீரபத்திரன் மடக்கிப் போட்டான். மண்ணில் முகம் அழுந்தக் கிடந்தும் சின்னராசா பாட்டை விடவில்லை. அது முணுமுணுப்பாகத் தேய்ந்து, நின்றது. கூட்டம் ஆரவாரம் செய்தது. வீரபத்திரன் கையை எடுத்த பிறகும் சின்னராசா எழுந்திருக்கவில்லை.

நெஞ்சு பலவீனமான ஆள், பிடித்தவன்மேல் குற்றமில்லை என்று விசாரித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். வீரபத்திரன் அதன்பின் களத்தில் கால் வைக்கவில்லை.

மாசியில் ஒரு விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு மூடுபனிக்குள் போய்க்கொண்டிருந்தான். பிடரிக்குப் பின்னால் முணுமுணுப்புக் கேட்டது. சடுகுடு சடுகுடு வாரேன்டா. திரும்பினால் தேயிலைச் செடிகள்தான். நடந்தான். மறுபடியும் அதே குரல், ஒரே மூச்சில், காதோரமாக. ஓட்டமெடுத்தான். ஆட்கள் கண்ணில் பட்ட பிறகுதான் அது விட்டது.

அன்றிலிருந்து தனிவழியில் அவன் நடந்ததே இல்லை, ஓட்டம்தான். அந்த வேகத்தைக் கண்ட தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, அக்கரப்பத்தனைக்குக் கடிதங்கள் கொண்டுபோகும் தப்பால் பையைச் சுமக்கும் வேலையைக் கொடுத்தார். பிறகு ஹட்டனில் துரைமார் நடத்திய மலையோட்டப் பந்தயத்தில் சேர்த்துவிட்டார். முதலாவதாக வந்தான். அடுத்த வருடமும் அவன்தான். லயத்து வரிசையில் அவன் குடியிருந்த காம்பராவில் சாமி படத்துக்குக் கீழே கோப்பைகள் மின்னின. அவற்றை அவன் ஏறிட்டும் பார்க்கமாட்டான்.

"ஓடுறது சரிங்க. மொகமெல்லாம் வெளிறிப்போயி ஏன் ஓடுறீங்க? யாரு தொரத்துறா?" என்று கேட்டாள் மனைவி அழகம்மா.

"யாருமில்ல புள்ள."

மூன்றாம் முறை ஜெயித்த அன்று, கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் அவனிடம் வந்தாள்.

"நான் பரிமளங்க. சின்னராசா பொஞ்சாதி."

அவன் கைகூப்பினான்.

"கும்பிடாதீங்கண்ணே. அவருக்கு நெஞ்சு நோவுன்னு எனக்குத் தெரியும். வெளிய சொன்னா வெளையாட விடமாட்டாங்கன்னு என் வாய அடைச்சுப்புட்டாரு. நானும் இருந்துட்டேன்." பிறகு கேட்டாள்: "கடைசியா பக்கத்துல இருந்தது நீங்கதான். என்னா சொன்னாரு?"

"பாட்டுத்தாங்கம்மா. வேற ஒண்ணுமில்ல."

"அதச் சொல்லுங்க. அவரு சொன்ன மாதிரியே."

அத்தனை வருடமாகக் காதில் மட்டும் கேட்டதை அவன் வாய் திறந்து பாடினான். அவன் தொண்டையிலிருந்து வேறொருவன் குரல் வந்தது. மூச்சு தீர்ந்து பாட்டு தேய்ந்து நின்றபோது, பரிமளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அவருதான்" என்றாள். ஸ்டேஷன் பக்கம் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் பனிக்குள் ஒரு சத்தமும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அடுத்த பந்தயத்தில் நான்காவதாக வந்தான். சோம்பேறியாகிவிட்டான் என்று துரை தப்பால் வேலையை வேறொருவனுக்குக் கொடுத்தார்.

"திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓடுனீங்களாமே?" என்றாள் அழகம்மா.

"வருதான்னு பாத்தேன்." அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். "அப்ப அது அந்தப் பொம்பளகூடப் போயிருச்சாங்க?"

அந்தக் கேள்வி அவனைத் தூங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வட்டவளைக்குப் போனான். பரிமளத்தின் காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது. அவள் இந்தியாவிலுள்ள தன் ஊருக்குக் கப்பலேறிப் போய்விட்டாள் என்றார்கள்.

"எப்புடி இருந்தாங்க?"

"நல்லாத்தான் இருந்தா" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. "கொழுந்தெடுக்கையில மட்டும் வாய்க்குள்ள எதையோ பாடிக்கிட்டே இருப்பா. மூச்சே விடமாட்டா. நிறுத்துடின்னா, 'பாடுறது நானில்ல'ம்பா."

வீரபத்திரன் குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கினான். அதைக் குடிக்காமலே திருப்பிக் கொடுத்தான்.