ஆச்சு சிஸ்டர்

ஊசி போடும்போது சில நர்ஸுகள் பேச்சுக் கொடுப்பார்கள், சிலர் அதட்டுவார்கள். இந்த நர்ஸுக்கு இரண்டும் வராது. "ஆச்சு, ஆச்சு, அவ்வளவுதான்" என்பார். ஊசி தோலைத் தொடும் முன்பே ஆச்சு. நரம்பு கிடைக்காமல் மூன்றாம் முறை குத்தும்போதும் ஆச்சு. இருபத்திரண்டு வருடத்தில் ஆஸ்பத்திரியே அவருக்கு ஆச்சு சிஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டது. பஸ் ஓட்டும் கணவர்கூடச் சாப்பாட்டுக்கு நேரமானால், "என்ன சிஸ்டர், ஆச்சா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

நாற்பத்தாறு வயதில் முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. வார்டில் எட்டு மணி நேரம் நிற்க முடியவில்லை. நர்சிங் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் ஆராய்ச்சிக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நம்பிப் போய்ச் சேர்ந்தார். அவர்கள் அவரைத் தெருத்தெருவாக நடக்க விட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்று தெருக்கள். துணிக் கம்பெனிகளுக்கு வீட்டிலேயே காஜா எடுத்துப் பட்டன் தைத்துக் கொடுக்கிறவர்கள் குடியிருப்பவை. எதிரே மெயின் ரோட்டு அடுக்குமாடிகளில் இருப்பதைப்போல நான்கு மடங்கு காசநோய் அங்கே. ஆஸ்பத்திரிக்கு நடந்தால் பத்து நிமிடம்தான். இருந்தும் இழுத்துக்கொண்டு கிடக்கும் நிலை வரும்வரை அங்கிருந்து ஒருவரும் வருவதில்லை. ஏன் என்று வீடு வீடாகக் கேட்டு, ரெக்கார்டரில் பதிந்து, ஒரு வார்த்தை விடாமல் எழுதித் தர வேண்டும்.

பேராசிரியை இரண்டு நாள் பாடம் எடுத்தார். கதவை மறைத்து உட்காராதீர்கள். கேட்காமல் தொடாதீர்கள். 'ஏன் வரவில்லை' என்று கேட்காமல், 'அங்கே உங்களுக்கு என்ன நடந்தது' என்று கேளுங்கள். எல்லோரும் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடைசிக் கேள்வியை ஆச்சு சிஸ்டர் மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை.

பத்தொன்பதாவது வீடு ஒற்றை அறை. ஜன்னலோரம் தைத்த சட்டைகளின் குவியல், தகர டப்பா நிறையப் பட்டன்கள். பாயில் எட்டு மாதக் குழந்தை ஒன்று குப்புற விழுந்து, தலையைத் தூக்கி வந்தவரைப் பார்த்தது. அது தங்கையின் குழந்தை. அக்காள்தான் பட்டன்காரம்மா. ஒரு மாதமாக இருமல், மாலையானால் காய்ச்சல், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. அதைவிட அந்தக் குழந்தையைப் பார்த்துத்தான் பயம் வந்தது. இந்த மூடிய அறையில் இன்னும் ஒரு மாதம் போனால் அதற்கும் தொற்றிவிடும்.

முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, கதவை மறைக்காமல் சுவரோரம் உட்கார்ந்தார். முழங்கால் மளுக்கென்றது.

"முன்னாடி ஆஸ்பத்திரியில உங்களுக்கு என்ன நடந்துச்சு? சொல்லத் தோணுனா சொல்லுங்க. வேண்டாம்னா விட்டுடலாம்."

பட்டன்காரம்மா ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார்.

"ஆறு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சே, அப்ப என்னையும் என் வீட்டுக்காரரையும் ஒண்ணாக் கொண்டுபோனாங்க. பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவரு தண்ணி தண்ணின்னாரு. நான் கையில இருந்த டிரிப்ஸைப் பிடுங்கிட்டுப் போய்க் குடுத்தேன். திரும்பக் கேட்டாரு, திரும்பவும் பிடுங்கினேன். வெள்ளை உடுப்புல ஒரு நர்ஸு வந்து என் ரெண்டு கையையும் கட்டிலோட கட்டிடுச்சு. மூஞ்சி தெரியல. முதுகுல ஏழுன்னு எழுதியிருந்துச்சு."

சிஸ்டரின் பேனா நின்றது.

தலை முதல் கால்வரை மூடிய அந்த உடுப்பில் யார் யாரென்று தெரியாது என்பதால், காலையில் மார்க்கரால் முதுகில் நம்பர் எழுதிவிடுவார்கள். அன்று சிஸ்டர்தான் ஏழு. நாற்பது நோயாளிகளுக்கு இரண்டு நர்ஸ். பிடுங்கிய ஊசியிலிருந்து ரத்தம் தெறித்து அவர் கண்ணாடியில் வழிந்தது. காய்ச்சல் ரத்தத்தில் பரவும் என்று பேச்சு. வீட்டில் ஐந்து வயது மகள். கட்டுத்துணியை எடுத்து இரண்டு முடிச்சுப் போட்டார். அவிழ்த்தது அடுத்த ஷிப்டில் வந்தவர்கள்.

"அவரு என் பக்கம் கையை நீட்டிக்கிட்டே இருந்தாரு," என்றார் பட்டன்காரம்மா. "நான் பாத்துக்கிட்டே இருந்தேன். சாயங்காலம் போயிட்டாரு. செத்தாலும் இங்கேயே சாவேன் சிஸ்டர், அங்க வரமாட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. உடம்பே இரண்டாக மடியும் இருமல். சிஸ்டர் சட்டென்று முன்னால் சாய்ந்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"ஆச்சு, ஆச்சு, அவ்வளவுதான்."

பட்டன்காரம்மா இரண்டு மணிக்கட்டையும் இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார். டப்பா சரிந்து பட்டன்கள் தரையெங்கும் ஓடின. தங்கை ஓடிவந்து குழந்தையை வாரிக்கொண்டாள்.

"முடிச்சுப் போடும்போதும் அந்த நர்ஸு இதையேதான் சொல்லுச்சு," என்றார் பட்டன்காரம்மா.

சிஸ்டர் பட்டன்களைப் பொறுக்கக் குனிந்தார். ஊரில் யார்தான் ஆச்சு என்று சொல்வதில்லை, மழுப்பிவிடலாம். மழுப்பினாலும் ஒப்புக்கொண்டாலும் இந்த அம்மா இனி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப்போவதில்லை, குழந்தை இந்தக் காற்றைத்தான் குடிக்கப்போகிறது. ரெக்கார்டரை அணைக்கக் கை போனது.

"அணைக்காதீங்க. ஓடட்டும். ஏழு நீங்கதானே?"

"நான்தான்."

"அவரு தண்ணி கேட்டது உங்க காதுல விழுந்துச்சா?"

அந்த உடுப்புக்குள் ஒன்றும் கேட்காது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆறு வருடமாக அவரும் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிவந்தார்.

"விழுந்துச்சு," என்றார். "மத்தவங்களைப் பாத்துட்டு வந்து குடுக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் பயம் வந்துடுச்சு. உங்க ரத்தம் என்மேல பட்டிருந்துச்சு, என் பொண்ணு ஞாபகம் வந்துச்சு. உங்க கட்டில் பக்கமே திரும்பி வரல. தப்புதான்."

பட்டன்காரம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போங்க," என்றார் கடைசியில்.

சளி எடுத்துவரும் சிறு டப்பாவையும், செவ்வாய்க்கிழமை பத்து மணி என்று எழுதிய சீட்டையும் தங்கையிடம் நீட்டிவிட்டு சிஸ்டர் வெளியே வந்தார். தெருமுனை வரும்வரை முழங்கால் வலியே தெரியவில்லை. பயம் அதையும் விழுங்கிவிட்டது.

ரெக்கார்டரில் இருந்ததை எழுத உட்கார்ந்தபோது, இருமலோடு நிறுத்திவிட்டால் என்ன என்று மனம் ஆயிரம் முறை கேட்டது. யாருக்குத் தெரியப்போகிறது. ஆனாலும் எழுதினார், தான் சொன்னதையும் சேர்த்து. பேராசிரியை படித்துவிட்டு, "உங்க பேரை எடுத்துடலாம், பதிலை எடுக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். வேலை போகுமா, விசாரணை வருமா என்ற கவலை சிஸ்டருக்கு இருந்தது. ஆனால் கண்ணை மூடினால் வந்து நின்றது அந்தக் குழந்தைதான். கணவர் வழக்கம்போல "ஆச்சா?" என்றபோது, "இனிமே அப்படிக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தினார். மனிதர் திருதிருவென்று விழித்தார்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியின் காசநோய்ப் பிரிவில் காத்திருந்தார். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். வரவில்லையே என்று ஒரு பயம், வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். பதினொன்றரைக்குத் தங்கை குழந்தையோடு எட்டிப் பார்த்தாள். பின்னால் பட்டன்காரம்மா, சளி டப்பாவைத் துணியில் சுற்றிப் பிடித்தபடி.

சிஸ்டர் சொல்லி, சீட்டுப் போடுகிறவர் வேறு நர்ஸைக் கூப்பிடப் போனார்.

"வேண்டாம். இவங்களே எடுக்கட்டும்," என்றார் பட்டன்காரம்மா. "இவங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். மத்தவங்களைத் தெரியாது."

கதவைத் திறந்தே வைத்தார்கள். ரத்தம் எடுக்க வேண்டும். சிஸ்டர் ஊசியை எடுத்தார்.

"கையைத் தொடலாமா?"

"தொடுங்க. அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்."

உதட்டைக் கடித்துக்கொண்டு குத்தினார். ரத்தம் குழாயில் ஏறியது. பட்டன்காரம்மாவின் மற்றொரு கை, எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிவிடத் தயாராக, ஊசியின் மேலேயே நின்றது. ஒரு குழாய் நிறைந்தது.

"ஆச்சா?" என்று கேட்டார் பட்டன்காரம்மா.

சிஸ்டர் அடுத்த குழாயை எடுத்துக் காட்டினார்.

"இல்லம்மா. இன்னும் ஒரு குழாய் இருக்கு."

பட்டன்காரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, மேலே நின்ற கையை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.